குடை நுனி இறங்கிய இடம்

தம்பி தானியேல்,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "எப்பா, மதுரையில ஒரு பத்து டன் வைப்ரேட்டர் ரோலர் நல்ல நிலைமையில நிக்கி. டிரம்மு வழவழன்னு இருக்கு. மண்ணு, சரளை, தாரு எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்ங்காங்க. வார திங்கக்கிழமை போயி எடுத்துரலாம்னு பாக்கேன். நீங்க என்ன சொல்லுதீங்க?" என்றாய். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை சாலை வேலைகளை மேற்பார்வை பார்த்த பொறியாளன் நான். என் மகன் தனியாக எடுத்திருக்கும் முதல் சாலை வேலைக்கு என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்கிறான். அதற்கு நான், "உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு ரசத்தைச் சோற்றில் ஊற்றினேன். உன் அம்மா சும்மா இருப்பாளா? "அவியகிட்டப் போயிக் கேட்டியே. மொதல்ல நோட்டத் தேடுவாவ, பொறவு கண்ணாடியத் தேடுவாவ. அதுக்குள்ள அந்த ரோலரே துருப்பிடிச்சிப் போயிரும்" என்றாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நீ சாதாரணமாக ஒன்று சொன்னாய். வத்திராயிருப்புப் பக்கம் உன் வேலை நடக்கப்போகும் சாலையை அளக்கப் போயிருந்தாயாம். கண்மாய்க்கரை வளைவில், காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒரு பால்காரப் பெரியவர் உன்னிடம் வந்து, "பாத்துப் போங்க தம்பி, இது நான் வேகமா வந்து விழுந்த எடம். எம் மேலதான் தப்பு" என்றாராம். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனேன். தட்டில் பாதிச் சோறு கிடந்தது. உன் அம்மா பின்னாலேயே வந்து, "பல்லு வலிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பல்லில் ஒன்றும் இல்லை.

அந்தப் பெரியவர் பெயர் குருசாமி. அவர் விழுந்ததில் அவர் தப்பு எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மெஷினைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதும் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. பிரித்துச் சொல்ல முயன்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். உறையை ஒட்டாமல் உன் வண்டியில் வைக்கிறேன். உன்னோடு வேலை பார்க்கிறவர்களும், உன்னைப்போல முதல் வேலை எடுத்திருக்கிற மற்றப் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம். படித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

முதலில் உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்லாமலே விட்டுவிடுவேன். அந்த மெஷினை இப்போது எடுக்காதே. அது கெட்ட மெஷின் இல்லை. மலையடிவாரத்துச் சரளைக்கும் மணல் கலந்த செம்மண்ணுக்கும் அதைப்போல ஒன்று கிடையாது. டிரம் அதிர அதிரக் கற்களும் பருமணலும் தங்களுக்குள் இடம் பார்த்து நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். நீ எடுத்திருக்கிற சாலையில் முக்கால்வாசி அப்படிப்பட்ட மண்தான். ஆனால் கண்மாய்க்கரையை ஒட்டி வளைகிற அந்த முந்நூறு மீட்டர் களிமண். களிமண் அதிர்ச்சிக்கு அசையாது. அதைப் பிசைய வேண்டும். அதற்கு, டிரம்மைச் சுற்றிக் கட்டை கட்டையாகக் கால் முளைத்த ஷீப்ஃபுட் ரோலர் வேண்டும். அந்தக் கால்கள் முதலில் மண்ணுக்குள் முழுக்கப் புதையும். அடி மண் இறுக இறுக, ரோலர் போய்வருகிற ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் மேலே வரும். கடைசியில் மண்ணின் மேல் நின்று நடக்கும். அது மேலே ஏறி வருவதைப் பார்ப்பது எனக்குப் பிடித்த காட்சி. வழவழப்பான டிரம் அதே களிமண்ணில் போனால் மேலே இரண்டு விரல் கனத்துக்குத் தோல்போல இறுக்கிவிட்டு, அடியில் உள்ளதை அப்படியே விட்டுவிடும். மேலே பார்த்தால் சாணி மெழுகிய தரை மாதிரிப் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பை நம்பியவன்தான் நான். இல்லை, அப்படிச் சொல்வதும் பொய். நம்பாமலே கையெழுத்துப் போட்டவன்.

நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்த வருடம் அது. இதே சாலையை முதன்முதலாக மண் உயர்த்திப் போட்டோம். அந்த வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் பெரிய ஆள். பேர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. வழவழ டிரம் உள்ள வைப்ரேட்டர் ரோலர் ஒன்றைத்தான் கொண்டுவந்து நிறுத்தினார். களிமண் பகுதிக்கு ஷீப்ஃபுட் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கேட்கவும் செய்தேன், எப்படிக் கேட்டேன் என்றால், "ஷீப்ஃபுட் கிடைச்சா நல்லாருக்கும்" என்று. அவர், "கெடச்சா கொண்டாரேன் சார்" என்றார். கிடைக்கவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் சோதனைகளை இன்னும் ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்தேன். சண்டை போடப் பயப்படுகிறவன் நோட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வான். இதை நான் வெகு நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

இறுகிய மண்ணைச் சோதிக்கும் முறை உனக்குத் தெரியும். குழி போட்டு மண்ணை எடுத்து, எடை பார்த்து, ஈரம் பார்த்து, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணக்கிட வேண்டும். நான் ஐம்பது மீட்டருக்கு ஒரு குழி போட்டேன். முதல் குழி சாலையின் இடது பக்கம், அடுத்தது நடுவில், அதற்கடுத்தது வலது பக்கம். மறுபடியும் இடது, நடு, வலது. ஒரு நாள்கூட மாற்றியதில்லை. நோட்டைத் திறந்தால் கோலப்புள்ளி மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழியும் தேறியது. மேலதிகாரி வந்து பார்த்து, மற்றவர்கள் முன்னால் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டினார். அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அரைக் கிலோ பால்கோவா வாங்கி வந்தேன். என்ன விசேஷம் என்று நீயும் அம்மாவும் கேட்டீர்கள். சும்மாதான் என்றேன்.

அந்த ரோலரை ஓட்டியவர் முத்தையா. நல்ல மனிதர், வாய் ஓயாது. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஆட்கள் முன்னால் என்னைப் புகழத் தொடங்கினார். "நம்ம சார் மாதிரி ஒருத்தரப் பாக்க முடியாதுலே. மத்தவுக எங்க குழி போடுவாகன்னு சாமிக்கும் தெரியாது. சார் எங்க போடுவாருன்னு கண்ணக் கட்டிவிட்டாக்கூட நான் சொல்லுவேன். அம்பது மீட்டருக்கு ஒண்ணு. இடது, நடு, வலது. அம்புட்டு சுத்தம்! அந்த எடம் வரவும் நானே நாலு நட கூடப் போட்டு வச்சிருவேன். சார் குனிஞ்சி நிமுந்து ஏமாறப்படாதுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை தம்பி. எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்திருந்தார். ஒரு மண்வெட்டிக்காரர், "அப்ப மத்த எடத்துல?" என்று கேட்டார். முத்தையா, "மத்த எடத்துல சாரு என்ன பொதையலா தேடப்போறாரு?" என்றார். நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு சிரித்தேனே, அதே சிரிப்பு.

சாயந்திரம் ஆட்கள் எல்லோரும் போன பிறகு நான் மட்டும் கண்மாய்க்கரை வளைவுக்கு நடந்து போனேன். என்னுடைய இரண்டு குழிகளுக்கு நடுவில், கண்மாய் பக்கத்து ஓரத்தில், மேல் தோல் கொஞ்சம் வெடித்திருந்த ஓர் இடத்தில் குடை நுனியை வைத்து அழுத்தினேன். தோல் உடைந்ததும் குடை தானாக இறங்கியது. ஒரு சாண் இறங்கியது. அதற்கு மேல் நான் அழுத்தவேயில்லை. வெளியே எடுத்தபோது நுனியில் ஒட்டியிருந்தது தோசை மாவு மாதிரி ஈரக் களி. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. செருப்புக் காலால் அந்தத் துளையை மூடி மிதித்துவிட்டு வந்தேன்.

அதை நான் நோட்டில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். எழுதினால் அந்த முந்நூறு மீட்டரையும் தோண்டி எடுத்து மறுபடி போட வேண்டும். இத்தனை நாள் என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று மேலே கேட்பார்கள். ஒப்பந்தக்காரர் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. ஆனால் இதெல்லாம் இரண்டாவது. உண்மையான காரணம், அந்த நோட்டு அவ்வளவு அழகாக இருந்தது. அதில் ஒரு பக்கத்தை எழுதினால் முன்னால் இருக்கிற பக்கமெல்லாம் பொய்யாகிவிடும். அதற்கு மனம் வரவில்லை.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. ஒரு காலையில் சாலையின் ஓரம் ஒரு வண்டி அகலத்துக்கு உள்வாங்கிவிட்டது. குருசாமி மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு வந்தவர், அந்த உடைசலில் இறங்கிக் கரைச் சரிவில் உருண்டுவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். சேற்றின் மேல் பால் தேங்கிக் கிடந்தது. மறுநாள் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு மருத்துவமனைக்குப் போனேன். காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "சார் யாரு?" என்று கேட்டார். "இந்தப் பக்கமா வந்தேன், கேள்விப்பட்டேன்" என்றேன். அவரே எனக்குச் சமாதானம் சொல்லுவதுபோல, "எம் மேலதான் சார் தப்பு. பால் திரிஞ்சிரும்னு செத்த வேகமா வந்துட்டேன். பாத்து வந்திருக்கணும்" என்றார். நான் ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மழையால் ஏற்பட்ட அரிப்பு என்று அறிக்கை எழுதினோம். சரளையைக் கொட்டி மேலே மூடினோம். அடியில் அதே களிதான் இன்னும் இருக்கிறது. அதன் மேல்தான் நீ இப்போது சாலையை அகலப்படுத்தப் போகிறாய்.

எனவே தம்பி, மெஷின் எடுப்பதற்கு முன் மண்ணைப் பார். இருக்கிற மெஷினுக்குத் தகுந்த மாதிரி மண் மாறாது. அந்த முந்நூறு மீட்டரில் பழைய களியை வெட்டி எடு. அதிலேயே நல்லதைத் திரும்பப் போடுவதாக இருந்தால் ஒரு சாண் கனத்துக்கு மேல் பரப்பாதே. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துப் பார்: உருண்டையாக நிற்க வேண்டும், கீழே போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். கையில் அப்பினால் ஈரம் அதிகம், பொடிந்தால் குறைவு. இது சோதனைக்குப் பதில் ஆகாது, காலையில் வேலை தொடங்கலாமா என்று பார்ப்பதற்கு மட்டும். ஷீப்ஃபுட் ரோலரை அந்தச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடு. அல்லது, நீ பார்த்து வைத்திருக்கிற மெஷினின் டிரம்மேலேயே மாட்டிக் கழற்றுகிற கால்கவசம் கிடைக்கிறதா என்று கேள்; சில மெஷினுக்கு உண்டு என்று நினைக்கிறேன். நான் பார்த்து வருடங்கள் ஆகிவிட்டன, நான் சொல்வது பழசாகவும் இருக்கலாம், விசாரித்துக்கொள். அது கிடைத்தால் அந்த மெஷினையே எடுக்கலாம். கிடைக்காவிட்டால் வாங்காதே, சரளைக்கும் வாடகையே போதும்.

தாருக்கும் அதே ஒன்று போதும் என்று சொன்னவர் தார் போட்டதில்லை. தார்க் கலவைக்கு முன்னும் பின்னும் டிரம் உள்ள ரோலர் முதலில், அது போன பிறகு டயர் ரோலர், கடைசியில் மறுபடி முதல் ரோலரே அதிர்வை நிறுத்திவிட்டு ஒரு நடை. டயர் பிசைந்து கொடுக்கிற இறுக்கத்தை இரும்பு கொடுக்காது. கலவை சூடாக இருக்கும்போதே முடிய வேண்டும், சூட்டின் மேல் மெஷினை நிறுத்தி வைக்கக் கூடாது. அப்புறம், சாலையோரம் வீடு இருந்தால் அதிர்வைப் பற்றி யோசி. நம் ராஜபாளையம் தெருவில் தார் போட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். எதிர்வீட்டுச் சுப்பம்மா ஊறுகாய்ச் சாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோலருக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏமய்யா இஞ்சினீரு! ரோடு போடுதீகளா, எங்க வீட்டப் பிரிக்கீகளா? அலமாரியில இருந்த சாடி தானா நடந்து வாசலுக்கு வருதே!" என்று கத்தினாள். மெஷின் சத்தத்தில் நானும் கத்தித்தான் அதிர்வை நிறுத்தச் சொன்னேன். வேலைக்காலம் முழுவதும் நான் சத்தமாகப் போட்ட உத்தரவு அது ஒன்றுதான்.

பாலத்துச் சுவரை ஒட்டிய இரண்டடிக்குப் பெரிய ரோலர் எதுவும் போகாது. அங்கே கையால் பிடித்து இடிக்கிற ராம்மரை மறக்காதே. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டு முன்னறையே சாட்சி. வீடு கட்டியபோது அந்த மூலைக்கு மண் நிரப்பி, தண்ணீரை ஊற்றிவிட்டால் உட்கார்ந்துகொள்ளும் என்று விட்டேன். உட்கார்ந்தது, தரையோடு சேர்ந்து. பீரோ சாய்கிறது என்று அம்மா அதன் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "ரோடு போட்டவிய வீட்டு பீரோ, பாத்துக்கிடுங்க" என்று காட்டுகிறாள். அந்த அட்டையை நான் அடிக்கடி மாற்றுகிறேன். தரையைத் தோண்டிச் சரி செய்ய இன்றுவரை ஆளைக் கூப்பிடவில்லை. இதையும் நீ கவனித்திருப்பாய்.

சோதனைக் குழியைப் பற்றி ஒன்று. என் மாதிரி ஒழுங்காகப் போடாதே. எங்கே போடப்போகிறாய் என்று ரோலர் ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது, உனக்கே முந்தின நிமிஷம்வரை தெரியக் கூடாது. வழியில் போகிற யாரையாவது ஒரு கல்லை எறியச் சொல், விழுகிற இடத்தில் தோண்டு. ஓரத்தில் அதிகமாகத் தோண்டு. தேறாத குழியை முதலில் எழுது. உன் நோட்டு அசிங்கமாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஓட்டுகிறவர் முத்தையாவைப்போல நல்லவராக இருந்தாலும், நல்லவராக இருப்பதாலேயே, இதைச் செய்.

இனி நான் உன்னிடம் கேட்பது. நீ திங்கட்கிழமை மதுரைக்குப் போவதற்கு முன், சனிக்கிழமை காலை என்னை அந்த வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போ. மண்வெட்டி ஒன்று எடுத்துக்கொள். என் குடையையும் எடுத்துக்கொள்கிறேன். ஏழு மணிக்குக் குருசாமி பாலை இறக்கிவிட்டு அந்த வழியாகத் திரும்பி வருவார். இப்போது மொபெட்டை மகன் ஓட்டுகிறான், அவர் பின்னால் உட்கார்ந்து வருகிறார். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. ஓய்வு பெற்ற பிறகு பிளவக்கல் அணையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறி மூன்று முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். மூன்று முறையும் அவர் என்னைக் கடந்து போனார். ஒரு தடவை, "என்ன சார், பஸ் வரலயா?" என்றுகூடக் கேட்டார். வந்துவிடும் என்றேன்.

அவர் கால் சரியாகப் போவதில்லை. கோபப்படலாம், உன் வேலைக்கு அந்த ஊரில் கெட்ட பேரும் வரலாம். அப்பன் போட்ட ரோடு இடிந்தது, மகன் என்ன போடப்போகிறான் என்று பேசலாம். அதனால்தான் உன்னைக் கேட்காமல் நான் போகவில்லை. ஆனால் தான் வேகமாக வந்ததால் விழுந்தோம் என்று ஒருவர் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறார், போகிற வருகிறவர்களை எச்சரித்துக்கொண்டும் இருக்கிறார். அது என் நோட்டில் எழுதாமல் விட்ட பக்கம். எங்கே முதல் குழி தோண்டலாம் என்று அவரிடமே கேட்போம். அவர் காட்டுகிற இடத்தில் தோண்டு, நான் குடையை இறக்கிக் காட்டுகிறேன். அவர் தன் கண்ணால் பார்க்கட்டும்.

ஆனால் முதலில் நீ வண்டியை ஓரமாக நிறுத்தி உள்ளேயே இரு. நான் இறங்கிப் போய்ச் சொல்லுகிறேன். என்னை உனக்குத் தெரியும். அவர் அருகில் வந்ததும் மழையைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவேன். அப்படி ஆரம்பித்தால், ஹார்னை அடி. நான் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்காதே.

அப்பா